எட்டுச் சொட்டு

ஐம்பதுகளின் நடுவில் தளியில் இருந்த பிரசவ விடுதியில் நான் நர்ஸ். விடுதி என்றால் நான்கு கட்டில், ஒரு தராசு, ஒரு ஆயா. டாக்டரம்மா வாரத்துக்கு ஒருநாள் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வருவார். மற்ற ஆறு நாளும் என் ராஜ்யம்தான்.

அந்த ராஜ்யத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை மூத்திரப் பரிசோதனை. சொன்னால் சிரிப்பார்கள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், மிஞ்சிப் போனால் செங்கல் நிறம். ஒரு பெண்ணின் உடம்புக்குள் அவளுக்கே தெரியாமல் நடப்பது என் கையில் நிறமாக வந்து நிற்பது எனக்கு அலுக்கவே இல்லை.

ஒருநாள் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பத்து மருமகள் ஒருத்தி மாமியாரோடு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நான்காவது கர்ப்பம், ஐந்தாம் மாதம். முந்தைய மூன்றும் நிறைமாதத்தில் செத்தே பிறந்தவை.

"ஒவ்வொண்ணும் ஆறு மாசத்துப் புள்ளையாட்டம் கொழுகொழுன்னு இருந்துச்சு நர்சம்மா. ஊர்க் கண்ணு சும்மா வுடுமா?" என்றார் மாமியார். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று ராகி மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்து உருண்டை பிடித்துத் தினமும் ஊட்டிக்கொண்டிருந்தார். பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மருமகள் வந்ததிலிருந்து மூன்று சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு நாலாவதுக்கு ஆயாவின் முகத்தைப் பார்த்தாள். பெரிய பெரிய பிள்ளைகள், தீராத தாகம். எனக்குப் பொறி தட்டியது. அங்கேயே மூத்திரம் பிடித்துக் கொடுக்கச் சொன்னேன். மாமியார் சம்மதிக்கவில்லை, வீட்டிலிருந்து அனுப்புவதாகச் சொல்லி சீசாவை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சீசா வந்தது. கொதிக்க வைத்தேன், நீலம். அடுத்த வாரமும் நீலம். டாக்டரம்மா, "உன் சந்தேகத்துக்கு ஒரு அளவே இல்லையா?" என்றார். எனக்கோ மண்டை குடைந்தது. மூன்றாவது சீசாவைக் கொதிக்க வைத்தபோது ஆவி முகத்தில் அடித்தது. நான் நான்கு மாடு கட்டிய வீட்டில் பிறந்தவள். அந்த வாடை எனக்குத் தெரியும். அது கோமியம்.

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் தலைக்கேறியது. விளக்கையும் குழாயையும் நீல மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன்.

மாமியார் மழுப்பவில்லை. "கர்ப்பிணி மூத்திரத்த வெளிய அனுப்புவாங்களா? எவ கையிலயாச்சும் கெடச்சா செய்வினை வெச்சுடுவா. ஏற்கெனவே மூணு போயிடுச்சு. பசுவோடது சுத்தமானது தானே?"

"உங்க பசுவுக்குச் சர்க்கரை இல்ல, சந்தோஷமா இருங்க," என்றேன். "ஒரு சொட்டு உங்க வாசலைத் தாண்டாது. இங்கியே காய்ச்சி உங்க குப்பைக்குழியிலேயே கொட்டிடறேன். மொதல்ல என்னுது."

என்னுடையது நீலமாகவே நின்றது. அடுத்து மருமகளுடையது. ஆவி கிளம்பும் முன்பே பச்சையாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. மாமியார் குனிந்து பார்த்து, "இது என்னாது?" என்றார்.

"நீங்க ஊட்டுன வெல்லம்." அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த முகம் இன்றும் உறுத்துகிறது. பாதி நியாயம்கூட அதில் இல்லை. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தாயின் இன்சுலினை மந்தமாக்கும், பிள்ளைக்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைக்கட்டும் என்று. பல பெண்களின் உடம்பு கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும், சிலரால் முடியாது. தாயின் சர்க்கரை பிள்ளைக்குப் போகும், இன்சுலின் போகாது. பிள்ளை தானே சுரந்து, வந்ததையெல்லாம் கொழுப்பாக்கி ஊதிப் பெருத்து, கடைசியில் தாங்காமல் போய்விடும். ஊர் கண்பட்டது என்று சொன்ன கொழுகொழுப்பு அதுதான். இதில் பாதியை நானே பின்னாளில்தான் படித்தேன்.

பெங்களூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஊசி, பத்தியம், நாள் முதிரும் முன்பே பிரசவம். பெண் குழந்தை. ஆறு பவுண்டுகூட இல்லை. "இத்தினூண்டா?" என்று மாமியார் அழுதாராம். அதற்குள் குழந்தை வீறிட்டிருக்கிறது, அவர் அழுகையை நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மருமகள் தனியாக விடுதிக்கு வந்தாள். இடது தோளில் குழந்தை, வலது கையில் சீசா.

"இது என்னுதுதான் நர்சம்மா. பசுவோடது இல்ல," என்றாள். அவள் வேடிக்கையாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

கொதிக்க வைத்தேன். நீலமாகவே நின்றது. நஞ்சுக்கொடி விழுந்ததும் சர்க்கரையும் போய்விட்டது என்று விளக்கினேன். இன்னொரு பிள்ளை உண்டானால் முதல் மாதமே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த மூணுக்கும் இதப் பாத்திருந்தா?"

விதி என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "பொழைச்சிருக்கலாம்மா," என்றேன்.

குழந்தையை என் மடியில் வைத்தாள். குழாயை எடுத்துப்போய்த் தொட்டியில் கழுவி, இருந்த இடத்தில் கவிழ்த்தாள். அதற்குள் ஆயா பழைய நினைப்பில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"வேணாங்க," என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். "இப்பெல்லாம் தாகமே இல்ல."