வலிக்காத உயரம்

ஒரகடத்தில் புதிய கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். அங்கே வேலை பார்க்கையில் பிரஸ் மெஷினில் என் இடது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நான் அழுததெல்லாம் நாகர்கோவிலிலிருந்து கொண்டுவந்த என் பேஸ் கிட்டாரை நினைத்துத்தான். மண்ணூர் சர்ச்சில் ஞாயிறுதோறும் அதை வாசிப்பேன். காயம் ஆறியும் அந்தத் தடித்த கம்பிகளை அழுத்தினால் உயிர் போனது. கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

நான் குடியிருந்த வீட்டுக்காரரின் மகன் ஏழுமலை வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தான். ஒருநாள், “இன்னாண்ணா, வாசிக்கிறதே இல்ல?” என்றான்.

“கம்பி உசரமா நிக்குது மக்கா. அமுக்க முடியல.”

“கீழ எறக்கிக்கோயேன்.”

“கம்பியைத் தாங்குற பிரிட்ஜ் ஒரே கட்டை. ஏத்தி எறக்க வழியில்ல.”

“வழி வெச்சி நாமளே ஒண்ணு செய்லாம்ணா.”

லீவு நாளில் வாசலில் உட்கார்ந்து அலுமினியத் துண்டு ஒன்றை அறுத்து ராவினோம். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சிறு இரும்புக் கட்டை வைத்து, அதில் ஸ்க்ரூ பூட்டினோம். திருகினால் கம்பி இறங்கியது.

ஏழுமலை திருகினான், நான் அழுத்தினேன்.

“வலிக்குதாண்ணா?”

“கொஞ்சம்.”

மறுபடி திருகினான். நாதம் சுத்தமாக எழுந்தது. இதற்குமேல் இறக்கினால் கம்பி உரசிக் கரகரக்கும் என்று தெரிந்ததால், “போதும், வலிக்கல” என்றேன்.

அவன் கிட்டாரைப் பார்க்கவேயில்லை. “பொய் சொல்லாதண்ணா. மூஞ்சி சுளிக்கிற” என்று இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

லேசாகக் கரகரத்தது. அப்படியே விட்டுவிட்டோம். அந்த ஞாயிறே சர்ச்சில் வாசித்தேன்.

விபத்து எப்படி நடந்தது என்று என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு, என் பதிலை நம்பாமல் என் முகத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.