தொட்டுக் காட்டு

குற்றவியல் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் குப்பத்தில் "போலீஸ் ஆவப்போறியா?" என்பார்கள். இல்லை என்றால் "அப்ப வக்கீலா?" அதுவும் இல்லை என்றால், "பின்ன இன்னாத்துக்குப் படிச்சிக்கினு கீறே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மீன் பேரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். என்னிடம் பதில் இருந்தது. வெளியே சொல்வதில்லை. என் அண்ணனுக்காகத்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

மயிலாப்பூரில் ஒரு அம்மாவின் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடினான். சில நாள் கழித்து அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறையில் மாஜிஸ்திரேட் முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்தி, அந்த அம்மாவை அழைத்துவந்து, அன்று பார்த்தவனைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். அடையாள அணிவகுப்பு என்று அதற்குப் பெயர். அந்த அம்மா அண்ணனின் தோளைத் தொட்டார். ஜாமீனில் வந்த பிறகு அவன் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். வழக்கு அதுபாட்டுக்கு வாய்தா வாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அப்பா அவனோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். "அவன சாப்ட சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார். அவன் எதிரேதான் உட்கார்ந்திருப்பான்.

அவன் திருடியிருக்கமாட்டான் என்று யார் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அப்பாவிடம் ஒரே பேச்சுதான். "அந்தம்மா படிச்சவங்க. நம்மளுக்கும் அவங்களுக்கும் இன்னா தகராறு கீது? அவங்க எதுக்குப் பொய் சொல்லணும்?" கல்லூரியில் சட்டப் பிரிவுகளைத் தலைகீழாக ஒப்பிக்கும் நானே இதைக் கேட்டால் கடற்கரைப் பக்கம் எழுந்து போய்விடுவேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் மதியம் பேராசிரியர் என்னை நூலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். அன்று காலை முதலாண்டு வகுப்பில் அவர் ஒரு நாடகம் நடத்தியிருந்தார். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் உள்ளே நுழைந்து, மேசைமேல் இருந்த அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவரே ஏற்பாடு செய்த ஆள். இப்போது அணிவகுப்பில் நிற்கச் சில பையன்கள் வேண்டுமாம். முதலாண்டுப் பிள்ளைகள் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் முகம் அவர்களுக்குப் பழக்கமில்லை. ஓடியவன் யார் என்று எங்களுக்கும் சொல்லவில்லை. வரிசையில் நிற்கும் எவனோ ஒருவன்தான் என்று நினைத்து, பக்கத்தில் நின்றவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் பேராசிரியர் ஒன்றையே சொன்னார். "அந்த ஆள் இந்த வரிசையில இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க."

முதலில் வந்த பையன் வரிசையை ஒரு பார்வை பார்த்தான். நேராக வந்து என் தோளைத் தொட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து வந்த பெண்ணும் என்னைத் தொட்டாள். அதற்கடுத்தவன் என்னைத் தாண்டிப் போய், யோசித்து, திரும்பி வந்து என்னையே தொட்டான். அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது. மற்றவர்களைத் தொட்டவர்களும் உண்டு, ஆனால் பாதிக்கு மேல் என்னைத்தான். வெளியே போய்விடலாமா என்று இருந்தது. நகர்ந்தால் சந்தேகம் இன்னும் கூடிவிடுமோ என்று பயம். நாடகத்தில் நடந்த திருட்டுக்கு, அதையும் செய்யாத எனக்கு, சட்டை நனைய வியர்த்தது. ஒரே ஒரு பெண் மட்டும் "தெரியல சார்" என்றாள். அதைச் சொல்வதற்குள் ஏதோ பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டவள்போல அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு பேராசிரியர் ஓடியவனை அழைத்தார். கேண்டீனிலிருந்து கையில் சமோசாவோடு வந்தான். சிவப்பாக, கொழுகொழுவென்று, கல்யாண வீட்டில் சந்தனம் கொடுக்க நிற்பவன் மாதிரி இருந்தான். அவன் வரிசையிலேயே நிற்கவில்லை. நின்றவர்களில் நான்தான் நல்ல கறுப்பு. உப்புக்காற்றில் செம்பட்டை அடித்த தலை வேறு. அது போதுமாக இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

முதலில் தொட்ட பையனை வராந்தாவில் மடக்கி, "ஏன்டா என்னத் தொட்டே?" என்றேன்.

பயந்துபோனான். "சாரிண்ணா. யாரையாவது தொடணும்ல? தெரியலன்னாலும் கேள்விய விட்டுட்டு வராத, எதையாவது எழுதி வைன்னுதானே ஸ்கூல்ல சொல்லுவாங்க. சும்மா எப்பிடிண்ணா வர்றது?"

அவனை என்ன செய்வது? நானும் அப்படித்தான் பாஸானேன். தெரியாத கேள்விக்குக் கதை எழுதி அரை மார்க், ஒரு மார்க் என்று பொறுக்கிச் சேர்த்தவன். பேராசிரியர் சொன்ன கடைசி வார்த்தை அவன் காதில் ஏறியிருக்கவே இருக்காது. வீடு திரும்பும் அடையாறு பஸ்ஸில் அந்த மயிலாப்பூர் அம்மாவையே நினைத்துக்கொண்டு வந்தேன். போலீஸ் கூட்டிப்போய் நிறுத்தியிருக்கிறது, மாஜிஸ்திரேட் காத்திருக்கிறார், எல்லோரும் அந்த அம்மாவின் கையையே பார்க்கிறார்கள். அந்த இடத்தில் சும்மா திரும்பிவர யாருக்குத் தைரியம் வரும்?

வீட்டு வாசலில் அப்பா படகு எஞ்சினைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"நைனா, இன்னிக்கு காலேஜ்ல என்னத் திருடன்னு தொட்டுக் காட்டிட்டாங்க" என்றேன்.

அப்பா ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "எவன்டா அவன்? நீ எங்க இருந்தே?"

"லைப்ரரில குந்திக்கினு இருந்தேன்."

"எம்புள்ள திருடுவானா? வா, இப்பவே போய் அவனுங்கள நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பைக்கை நிறுத்திய அண்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றான். இந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் இத்தனை நாளாக எதிர்பார்த்தான். அது எனக்குக் கிடைத்தது, அதுவும் ஒரு நாடகத்துக்கு.

அப்பாவை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். சமோசாக்காரனைப் பற்றிச் சொன்னபோதும் அவர் சிரிக்கவில்லை.

"அப்ப அந்தப் புள்ளைங்க பொய் சொல்லலியா?"

"இல்ல நைனா. நல்ல புள்ளைங்கதான். யாரையாவது காட்டியே ஆவணும்னு நெனச்சிக்கிச்சுங்க. நான் கண்ணுல பட்டேன்."

அப்பா கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். கிரீஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தலையைத் தூக்காமலே கேட்டார். "அன்னிக்கு நீ எங்கடா இருந்தே?"

"லைப்ரரின்னு சொன்னேனே நைனா."

"உன்ன இல்ல."

யாரைக் கேட்கிறார் என்பதுபோல, அண்ணன் வாசற்படியில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவனுக்கே புரிந்தது.

"இத்தக் கேக்க இத்தினி நாளாச்சா நைனா?" என்றான். அப்பா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.