வசன அட்டைக் கூடை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டண்டினொங்கில் ஒரு பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடும் எங்கள் சபைக்கு ரஞ்சிதமலர்தான் பாஸ்டரம்மா. சமையல், சண்டை தீர்ப்பது, சாவு வீடு எல்லாம் அவர் தலையில். பாஸ்டருக்குப் பிரசங்கம் மட்டும். புதுவருட ஆராதனையில் பைபிள் வசன அட்டைக் கூடையை ஏந்தி நிற்பதும் அம்மாதான். ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஓர் அட்டை எடுக்க வேண்டும். கையில் வரும் வசனம் அந்த வருடத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு. அதை அவர் முழு மனதாக நம்பினார். ஒருமுறை தனக்குக் கண்டிக்கும் வசனம் வந்ததற்கு மூன்று நாள் சாப்பிடவில்லை.

இந்த வருடம் எங்கள் சபை மோனிகாவுக்கு இடது மார்பில் கட்டி. மார்ச்சில் ஒப்பரேஷன் என்று டொக்டர் நாள் குறித்திருந்தார். பயத்தில் அவள் பாதியாகிப் போயிருந்தாள். அட்டை வெட்ட உதவியவள் நான். சுகம் தருவேன் என்ற வசனத்தை அம்மா தனியே எடுத்து வைத்ததைப் பார்த்தேன். ஆராதனையில் மோனிகா கண்ணை மூடியதும் அதை அவள் விரலுக்கடியில் தள்ளினார். ஆறுதலுக்குத்தானே என்று வாயை மூடிக்கொண்டேன். என் புத்தி எங்கே போயிருந்ததோ!

பெப்ரவரியில் மோனிகா சாட்சி சொல்ல எழுந்தாள். "ஆண்டவர் வாக்குத் தந்திட்டார். ஒப்பரேஷனைக் கான்சல் பண்ணிட்டன்." சபை கைதட்டியது. அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

அன்றைக்கே என்னையும் கூட்டிக்கொண்டு மோனிகா வீட்டுக்குப் போனார். கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"மோனிகா, அந்த அட்டையை நான்தான் உன்ர கையில வைச்சனான். ஆண்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போ பிள்ளை."

"ஓம், நானும் பாத்தனான்" என்றேன். யார் கேட்டார்கள்?

மோனிகா சிரித்தாள். "உங்கட கையை ஆர் அசைச்சது அம்மா? மனுசற்ற கையாலதான் அவர் வேலை செய்வார் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்."

அம்மா அவள் காலைப் பிடித்தார். மோனிகா பதறி அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டாள்.

சபையில் எழுந்து உண்மையைச் சொல்கிறேன் என்றார் அம்மா. பிறகு கூடையையே ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று பாஸ்டர் தடுத்துவிட்டார். அவரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் வந்து போனது. இப்போது ஓகஸ்ட். மோனிகா ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் நிற்கிறாள். இடது கையை உயர்த்த முடியவில்லை. வலது கையை மட்டும் உயர்த்தித் துதிக்கிறாள். சபை முழுவதும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, அம்மா மட்டும் கண்ணைத் திறந்து அந்தத் தொங்கும் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.