பூசினாற்போல

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் முறையாக ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் நன்னிலத்து டீச்சர் ஒருவர். அவருக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற அதே நரம்பு நோய்தான். முகம் வட்டமாக உப்பியிருந்தது. மருந்தால் வாயில் இரும்புச் சுவை தட்டும்போதெல்லாம் உப்பு நார்த்தங்காயைக் கிள்ளி நாக்கில் வைத்துக்கொள்வார்.

"எனக்கும் முகம் இப்படி ஆயிடுமாங்க?"

"ஆகலாம். ஊரே சந்தோஷப்படும் பாருங்க," என்றார். "கால் இழுத்துக்கிட்டு மருந்துல இருக்கிறப்ப, 'பூசினாப்ல அழகா இருக்கீங்க டீச்சர்'ம்பாங்க. மருந்தை நிறுத்தி நல்லா நடக்கிறப்ப, 'ஏன் இளைச்சுட்டீங்க, உடம்புக்கு என்ன?'ம்பாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"ரெண்டுக்கும் சிரிச்சிடுவேன்."

அது வேடிக்கையா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பல மாதங்கள் கழித்து, கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. கம்பியைப் பிடிக்காமலே பஸ்ஸில் ஏறினார்.

"ரொம்ப இளைச்சுட்டீங்க டீச்சர்!" என்று கத்தினேன்.

முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பியவர், என் கன்னத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"நீங்க பூசினாப்ல இருக்கீங்களே," என்றார் மெதுவாக.

அன்றுவரை அந்த வார்த்தையை என்னிடம் கவலையோடு சொன்னவர் அவர் ஒருவர்தான்.