கம்பிக்கொரு காகம்

காலையில் கார் நிறுத்தும் கீழ்த்தளத்திலிருந்து ஏறிய லிஃப்ட் யாருக்காகவோ தரைத்தளத்தில் நின்றது. திறந்த கதவால் புதுத்துணியின் கஞ்சி வாசனை உள்ளே வந்தது. வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகக் கட்டடத்துக்கு அடியில் இருப்பது, சிறுவயதில் அம்மாவோடு நான் வந்த கடைதான்: சீலை, சட்டி, பொம்மை எல்லாம் ஒரே கூரையின் கீழ், துணிக்கட்டுகள் மேசையில் தொப்பென்று விழுந்து விரியும் சத்தம், மேல்மாடிகளைப் பிறகு கட்டலாமென்று அப்போது மொட்டைமாடியில் நீட்டிவிட்ட கம்பிகள், கம்பிக்கொரு காகம். வியாபாரம் படுத்துக்கிடந்த அந்த நாட்களில் முதலாளி அம்மாவிடம் சொல்வார், "மேல ஒஃபிஸ் கட்டினா சனம் தானா வரும், தங்கச்சி."

கட்டினார். சனமும் வந்தது; கீழ்த்தளத்தில் காரை விட்டுவிட்டு நேரே மேலே போகிறது.

ஆளில்லாத கடைவாசலில் நரைத்துப்போய் உட்கார்ந்திருந்த அதே முதலாளி, என்னைக் கண்டு எழுந்தார்.

"வாங்கோ, சும்மா பாத்திட்டுப் போங்கோ."

வேலைக்கு நேரமாகியிருந்தது. கதவை மூடும் பட்டனை அழுத்தினேன்.