காப்புக் கட்டிய கையோடு ஏறிய மேடை

குத்து வருவதற்கு முன்பே என் கண் மூடிக்கொள்ளும். அதுதான் என் நோய். போன வருஷம் ஈப்போவில் நடந்த போட்டியில் ஒரே குத்தில் சாய்ந்தேன். அன்று பிடித்த பயம் விடவே இல்லை. குத்துச்சண்டை போடுகிறவள் கண்ணை மூடிக்கொண்டால் அப்புறம் என்ன மிச்சம்?

நான் கூலிம் ஹைடெக் தொழில் பூங்காவில் ஒரு ஃபாக்டரி ஆப்பரேட்டர். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே பயிற்சிக்கு ஓடுகிறவள். தூக்கத்தை விட்டேன், சோற்றைக் குறைத்தேன், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டேன். எல்லாம் இந்த விளையாட்டின் மேல் இருந்த பைத்தியத்தால்தான். அதைக் கண்டே நடுங்குகிறேன் என்று யாரிடம் சொல்வது? பயிற்சியாளர் குமார் அண்ணன் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். "பாசிட்டிவா யோசிலா" என்பார். யோசித்தேன். கண்ணாடி முன் நின்று என்னால் முடியும் என்று தினமும் சொன்னேன். கண்ணாடி திருப்பி அடிக்காதே!

கடைசியில் அண்ணன் சொல்லிவிட்டார்: "மாநில அணித் தேர்வுப் போட்டியிலயும் இப்பிடிக் கண்ண மூடுனா, இனிமே உன்ன மேடையில ஏத்த மாட்டேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், தங்கச்சி."

அன்று மாலை எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்து அழுதேன். ஜெயிக்க வை என்று கேட்கவில்லை. "தாயே, என் பயத்தை எடுத்துவிடு, உனக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டினேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டேன். கட்டிய மறுநாளே செய்தி வந்தது. தேர்வுப் போட்டியைப் பால்குடத்துக்கு முந்தின வாரத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பால்குடத்தை இறக்கும்வரை காப்பை அவிழ்க்கக் கூடாது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காப்பு கட்டுன கையால ஊரான் பிள்ளைய அடிக்கப் போறியாடி?"

"கோவத்துல அடிச்சாதாம்மா தப்பு. இது வெளையாட்டு."

வாய்தான் சொன்னது. மனசு படபடத்தது.

போட்டி சுங்கைப் பட்டாணியில். கையில் பேண்டேஜ் சுற்றும்போது அதிகாரி என் மணிக்கட்டில் மஞ்சள் நூலைப் பார்த்துவிட்டார். வெட்டு, இல்லாவிட்டால் ஏறாதே என்றார் மலாயில். குமார் அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். ம்ஹூம். கத்தரிக்கோல் வந்தது. "தாயே, நீயே பார்த்துக்கொள்" என்றேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "துடோங் சாயா போலே, பெனாங் டியா புன் போலேலா, என்சிக்."

திரும்பினால் ஹஸ்லினா. என்னோடு மோத வேண்டிய பெண். தன் முக்காட்டுக்கு அனுமதி உண்டென்றால் என் நூலுக்கும் கொடுக்கலாமே என்று எனக்காகப் பேசுகிறாள்! நான் விலகியிருந்தால் அவள் சும்மாவே ஜெயித்திருக்கலாம். அதிகாரி நூலைத் தடவிப் பார்த்தார், மற்றவர்களோடு கலந்து பேசினார், அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மணி அடித்தது. அவளுடைய முதல் குத்து நேராக முகத்துக்கு வந்தது. அது வருவதைப் பார்த்தேன். வலித்தது, ஆனால் கண் மூடவில்லை. இத்தனை நாளாக எதிரில் நிற்பவள் என்னை அழிக்க வந்தவள் என்று எண்ணியே நடுங்கியிருக்கிறேன். இவள் என்னோடு விளையாட வந்தவள். அப்புறம் விட்டேனா? கடைசிச் சுற்றுவரை முன்னேறி முன்னேறி அடித்தேன். அவளும் சளைக்கவில்லை. புள்ளியில்தான் ஜெயித்தேன். அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

சொன்னபடி பால்குடம் எடுத்தேன். இப்போது மாநில அணியில் இருக்கிறேன். ஷிஃப்ட் அதே ஷிஃப்ட்தான், அடியும் அதே அடிதான். பயம் எட்டிப் பார்க்கிற நாளும் உண்டு. வந்தால் ஓரமாக உட்கார் என்று சொல்லிவிட்டு மேடை ஏறுகிறேன்.

பக்தர்களே, உங்கள் பயம் எதுவானாலும் கூச்சப்படாமல் தாயிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வீட்டில் முடங்காதீர்கள், உங்கள் வேலையைப் பாருங்கள். உதவி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று மட்டும் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். எனக்கு அது எதிர் மூலையிலிருந்து வந்தது.