ஏரியில் இறங்கி நடந்த தோணிக்காரர்

ஒல்லாந்தர் கோட்டைக்குச் சரக்கு ஏற்றுகிற தோணிக்காரர் அவர். காதில் கடுக்கன், உப்பில் வெளுத்த தலைமுடி. யாரிடம் பேசினாலும் தண்ணீரைப் பார்த்தே பேசுவார்.

புரட்டாசியில் எங்கள் குப்பத்துப் பெண்கள் திருப்பதிக்கு நடக்கப் புறப்பட்டோம். ஏரியைக் கடந்து சுண்ணாம்புக்குளம் வரை அவர் தோணி, அப்புறம் நடை என்று பேசி முடித்திருந்தார்கள். எனக்குத்தான் சங்கடம். நடக்க வராத என் மகளுக்காக, வீட்டு வாசலிலிருந்தே நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா, ஏறலியா?" என்றார் தோணிக்காரர்.

வேண்டுதலைச் சொன்னேன்.

"இடுப்பு மட்டுந்தான் தண்ணி. நடந்தே வா" என்று அவரும் இறங்கித் தோணியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"எங்களுக்கும் சேத்து நடடி" என்று தோணியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கரையேறியதும், "எனக்கும் ஒண்ணு கேட்டுக்கினு வா, தாயி" என்றார். என்னவென்று கேட்க வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

சந்நிதியில் மகளுக்காகக் கேட்டேன். அவருக்கு என்ன கேட்பதென்று யோசிப்பதற்குள் கூட்டம் வெளியே தள்ளிவிட்டது.

தை மாதம் மகள் எழுந்து நடந்தாள். தோணித்துறைக்குக் கூட்டிப்போய் அவரிடம் காட்ட ஆசைதான். எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டு வந்தவள், எந்த முகத்தோடு போய் நிற்பது?